கெமிஸ்ட்ரி மேடத்துக்கு எத்தனை மார்க்?

கீழவைப்பாரில் டீக்கடை பெஞ்சில் இடம் பிடிக்க வேண்டுமானால் மீன் ஏலம் முடிவதற்குள் போய்விட வேண்டும். முடிந்துவிட்டால் கரையில் நின்ற கூட்டம் மொத்தமும் அங்கேதான் வந்து விழும். அன்றைக்கு நான் முந்திக்கொண்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் எனக்குப் பல வருடப் பழக்கம். ஃபைபர் படகை நடத்தும் தண்டல். விரல் முழுக்க வலை அறுத்த கோடுகள். வடையைப் பிய்த்தபடியே கேட்டார்.

"சார், ஒரு சந்தேகம். பள்ளிக்கூட வாத்தியார்மாருக்கு நல்லாசிரியர் விருதுன்னு குடுக்காவ, பேப்பர்ல போட்டோ வருது. காலேஜ்ல பாடம் நடத்துதவங்களுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதா? எம் பொண்ணுக்கு ஒரு கெமிஸ்ட்ரி மேடம் இருக்காவ. அவங்க வகுப்புன்னா காய்ச்சல் அடிச்சாலும் போயே தீருவேங்கா. அந்த மாதிரி ஆளுக்கு யாரு என்ன குடுப்பா?"

மகள் தூத்துக்குடியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. விடியக்காலையில் கிளம்பி, உப்பளங்களைத் தாண்டி பஸ்ஸில் போய் வருகிற பிள்ளை. நான் முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் கரும்பலகை முன்னால் நின்றவன். கேள்வி எனக்கே கேட்ட மாதிரி இருந்தது. இன்னொரு டீ சொன்னேன்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொன்னேன். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், 1962இலிருந்து கொண்டாடுகிறோம். யாருடைய பிறந்த நாள்? திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் சென்னை மாநிலக் கல்லூரியிலும், மைசூரிலும், கல்கத்தாவிலும், ஆக்ஸ்போர்டிலும் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். அசல் கல்லூரி வாத்தியார். 1921இல் மைசூரைவிட்டு அவர் கல்கத்தாவுக்குக் கிளம்பியபோது மாணவர்கள் சாரட்டு வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே ரயில் நிலையம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த மனிதரின் பிறந்த நாளில் நாடு கொடுக்கும் தேசிய விருது 1958 தொட்டு வெகுகாலம் பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும்தான் இருந்தது. நம் மாநில அரசு அவர் பெயரிலேயே ஆண்டுதோறும் சில நூறு பேருக்குக் கொடுக்கும் விருதும் பள்ளிக்கூடத்துக்குத்தான். கல்லூரி ஆசிரியர் ஒருவரின் நாளில் கல்லூரி ஆசிரியர்கள் பார்வையாளர்கள்.

"அப்ப இப்பவும் கிடையாதா?"

"இருக்கு தம்பி. 2023லதான் தேசிய விருதுல எங்களையும் சேத்தாங்க. அந்த வருசம் மொத்தம் 75 பேரு. அதுல பள்ளிக்கூடம் 50, தொழிற்பயிற்சி 12, எங்க ஆளு 13. அடுத்த வருசம் 16 ஆச்சு. சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபா."

"இந்தியா பூராவுக்குமா 13?"

இந்தியா பூராவுக்கும்தான். மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22இல் நாட்டில் ஏறத்தாழ 16 லட்சம் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள் இருப்பதாகச் சொன்னது. அதில் 13 பேர் என்பது கடலில் கரைத்த பெருங்காயம். கிடைத்தவர்களைக் குறை சொல்லவில்லை. சில பெரிய நிறுவனங்கள் தனியாகவும் கொடுக்கின்றன, சென்னை ஐ.ஐ.டி.யில் நன்றாகப் பாடம் நடத்துபவர்களுக்கென்றே மார்த்தி அன்னபூர்ணா குருநாத் என்ற அம்மையாரின் பெயரில் ஒரு விருது உண்டு. ஆனால் விளாத்திகுளம் பக்கமோ கோவில்பட்டி பக்கமோ நின்று பாடம் நடத்துகிறவருக்கு அதெல்லாம் தொலைதூரத்து விளக்கு.

விருதுப் பேச்சை நான் அதோடு விட்டுவிட்டேன். ஏனென்றால் கல்லூரி ஆசிரியருக்கு உண்மையான வெகுமதி மேடையில் இல்லை, பதவி உயர்வில் இருக்கிறது. உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் இணைப் பேராசிரியராகி, பேராசிரியராக வேண்டும். சம்பளமும் மரியாதையும் அந்த ஏணியில்தான் ஏறும். அந்த ஏணியின் படிகளைச் செதுக்குவது டெல்லியில் இருக்கும் பல்கலைக்கழக மானியக் குழு, யு.ஜி.சி. அங்கே பாடம் நடத்துவதற்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்தால் தண்டலின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

2010இல் யு.ஜி.சி. ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. ஏ.பி.ஐ. என்று பெயர். கல்லூரி ஓய்வறைகளில் அந்த மூன்று எழுத்தைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்கு வியர்க்கும். கற்பித்தலுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 125 மதிப்பெண், குறைந்தது 75 எடுக்க வேண்டும், மன்றம், என்.எஸ்.எஸ். போன்றவற்றுக்கு 50, ஆராய்ச்சிக்குத் தனிக் கணக்கு. எழுத்தில் பார்த்தால் கற்பித்தலுக்கு நல்ல இடம்தான். நடப்பில் என்ன ஆயிற்று? கற்பித்தல் மதிப்பெண்ணை ஆசிரியரே தனக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்: இத்தனை மணி நேரம் எடுத்தேன், இத்தனை விடைத்தாள் திருத்தினேன் என்று. யார்தான் தனக்குக் குறைத்துப் போடுவார்கள்? எல்லோரும் கரை சேர்ந்தார்கள். எல்லோரும் சேர்ந்துவிட்டால் பிறகு ஆளைப் பிரித்துக் காட்டுவது ஆராய்ச்சி மதிப்பெண் ஒன்றுதான்.

2018இல் விதியை மாற்றினார்கள். புது விதியில் கற்பித்தலை அளக்கும் முறை இன்னும் சுருக்கம். ஒதுக்கிய வகுப்புகளில் நூற்றுக்கு 80க்கு மேல் எடுத்திருந்தால் 'நன்று'. 70க்கும் 80க்கும் நடுவில் 'திருப்தி'. 70க்குக் கீழே 'திருப்தி இல்லை'. அவ்வளவுதான்.

தண்டல் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், அது கடலுக்குப் போன நாள் கணக்குல்லா? மீன்பாடு கணக்கு எங்க?"

என் வாழ்க்கையில் யு.ஜி.சி. விதிமுறைக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. நூறு வகுப்பு ஒதுக்கி, எண்பத்தைந்து வகுப்பில் போய் நின்று மஞ்சள் பூத்த பழைய நோட்டைப் படித்துவிட்டு வந்தவர் 'நன்று'. எழுபத்தெட்டு வகுப்பு எடுத்து, எழுபத்தெட்டிலும் பிள்ளைகளின் கண்ணைத் திறந்தவர் 'திருப்தி'. அதே விதிமுறையில் ஆய்வுக் கட்டுரைக்கு மட்டும் தராசு நுணுக்கமாக இருக்கிறது: அறிவியலில் ஒரு கட்டுரைக்கு 8, கலைப் பாடங்களில் 10, கூட்டாக எழுதினால் யாருக்கு எத்தனை பங்கு என்பதுவரை. பேராசிரியர் ஆக வேண்டுமா, குறைந்தது 10 கட்டுரை. கற்பித்தலுக்கு அப்படி ஒரு வாசல் எங்கும் வைக்கவில்லை.

ஏன் இப்படி? டெல்லிக்காரர்களுக்குப் பாடம் நடத்துவதன் அருமை தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது சரியில்லை. அவர்களில் பெரும்பாலோர் பாடம் நடத்தியவர்கள்தான். காரணம் வேறு. அதை விளக்கத் தொலைதூரம் போக வேண்டாம், கீழவைப்பாரிலிருந்து தெற்கே தூத்துக்குடி சாலையில் வேப்பலோடை வரைக்கும் போனால் போதும்.

முத்துக்குளிப்பு 1961இல் நின்றுபோனது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு, 1973 ஜூலையில், வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி அழகர்சுவாமி, சிப்பிக்குள் கரு வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார். இந்தியாவில் அப்படி உருண்டையான வளர்ப்பு முத்து எடுத்தது அதுதான் முதல். நாள், மாதம், வருடம் எல்லாம் பதிவாகியிருக்கிறது. முத்து கையில் இருக்கிறது. கட்டுரை அச்சில் இருக்கிறது. இனி அவருக்கு விலங்கியலை முதன்முதலில் ஆர்வமாய்ச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரை நினைத்துப் பாருங்கள். யாரோ ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? அவர் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் சிப்பியின் உடலமைப்பைப் பலகையில் வரைந்திருப்பார். மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்காரர் வந்து அதை அழித்திருப்பார். ஆராய்ச்சி தன்னைப் பற்றிய சாட்சியைத் தானே விட்டுச் செல்லும். பாடம் அடுத்தவர் மண்டைக்குள் போய் மறைந்துகொள்ளும். அலுவலகத்தில் உட்கார்ந்து அளக்கிறவன் கண்ணுக்குத் தெரிவதைத்தானே அளப்பான்?

முத்துக்கரைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதில்லை. அந்தக் காலத்தில் முத்து தரம் பிரிக்கப் பித்தளைச் சல்லடைத் தட்டுகள் பத்து வைத்திருந்தார்கள். 20 துளை போட்ட தட்டு முதலாவது. 1,000 துளை போட்டது கடைசி. ஒன்றின் மேல் ஒன்றாகச் சலித்தால் பருமனுக்குத் தகுந்தபடி முத்து தானாகப் பிரிந்துவிடும். அதுவரைக்கும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். பிறகுதான் வேலையே. தட்டில் நின்ற முத்தை உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்தில் உருட்டி, நிறமும் ஒளியும் வடிவமும் பார்த்து இது ஆணிமுத்து, இது கழிவு என்று சொல்ல ஒரு கண் வேண்டும். பெரிய தட்டில் நின்றதாலேயே எதுவும் ஆணிமுத்து ஆகிவிடாது. நம் உயர்கல்வியில் சல்லடையை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு, கண்ணை வேலைக்கு வைக்க மறந்துவிட்டோம்.

சல்லடையை ஏமாற்றுவது எப்படி என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. கட்டுரைக்கு மதிப்பெண் என்றதும், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் ஆய்விதழ்கள் ஈசல் மாதிரி கிளம்பின. 2018 மே மாதத்தில் யு.ஜி.சி. தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்க வேண்டி வந்தது. பிறகு 'கேர்' என்று வேறொரு பட்டியல் போட்டார்கள். 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். இந்தக் கூத்து நடந்த வருடங்களிலெல்லாம், வகுப்புக்குத் தயாராவதில் நேரம் செலவழித்தவர் பிழைக்கத் தெரியாதவர் என்று பெயர் வாங்கினார். பாடம் கெட்டது தனிக்கதை. ஆராய்ச்சியும் சேர்ந்தே கெட்டது.

"அதான் சுலபமா ஒண்ணு இருக்கே சார். பிள்ளையளக் கேட்டாத் தெரிஞ்சுபோகும்லா? எம் பொண்ணக் கேளுங்க, ஆரு நல்லா நடத்துதா, ஆரு தூங்க வைக்கான்னு ஒரு நிமிசத்துல சொல்லிருவா."

எல்லோரும் சொல்வது இதைத்தான். நாக் என்ற தர மதிப்பீட்டு அமைப்பு 2017இலிருந்து மாணவர்களிடம் 21 கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுத்துக் கேட்கவும் செய்கிறது. கேட்க வேண்டும், சந்தேகமில்லை. என்ன கேட்பது, எப்போது கேட்பது என்பதில்தான் சூட்சுமம்.

1970இல் அமெரிக்காவில் ஒரு வேலை செய்தார்கள். ஒரு நடிகரைப் பிடித்து, டாக்டர் ஃபாக்ஸ் என்று பெயர் சூட்டி, மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசவிட்டார்கள். தலைப்பு, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு. நடிகருக்கு அதில் ஆனா ஆவன்னா தெரியாது. முன்னுக்குப்பின் முரணாக, ஆனால் சிரிக்கச் சிரிக்க, கம்பீரமாகப் பேசச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பேச்சு முடிந்து படிவம் கொடுத்தால் பெரும்பாலோர் நல்ல மதிப்பெண் போட்டார்கள். 1973இல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். பட்டிமன்றம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, என்ன பேசினார்கள் என்று கேட்டால் நாம் விழிப்பதில்லையா, அது மாதிரி.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அமெரிக்க விமானப்படை அகாதமியில் எந்த மாணவனுக்கு எந்த ஆசிரியர் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்துவிடுவார்கள். எல்லா வகுப்புக்கும் ஒரே தேர்வு. முதல் பருவத்தில் கணிதம் படித்தவர்கள் அடுத்தடுத்த பருவத்தில் அதன் தொடர்ச்சியான பாடங்களைக் கட்டாயம் படித்தாக வேண்டும். கேரல், வெஸ்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 10,000க்கும் அதிகமான மாணவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்து 2010இல் எழுதினார்கள். முதல் பருவத்தில் பிள்ளைகளை நல்ல மதிப்பெண் வாங்க வைத்த ஆசிரியர்களுக்கு மாணவர்களும் படிவத்தில் நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஆனால் அவர்களிடம் படித்தவர்கள் அடுத்த பருவத்துப் பாடத்தில் சறுக்கினார்கள். அனுபவசாலிகள் பலரிடம் படித்தவர்கள் நிலைமை தலைகீழ்: முதல் பருவத்தில் மதிப்பெண் சுமார், ஆசிரியருக்குப் போட்ட மதிப்பெண்ணும் சுமார், அடுத்தடுத்த பாடங்களில் பிள்ளைகள் தெளிவு.

தண்டல் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். கடலில் கூட்டிக்கொண்டு போன முதல் வருடம் அவர் எதையும் வாய்விட்டுச் சொல்லித்தரவில்லையாம். "நீரோட்டம் எங்க போவுதுன்னு நீயே பாரு" என்று விட்டுவிடுவாராம். சித்தப்பா கூடப் போன பையன்கள் அதற்குள் வலை விடப் பழகிவிட்டார்கள். "எனக்கு அப்பா மேல அப்படி ஒரு கடுப்பு. அப்பம் எங்கிட்ட வந்து மார்க் போடுன்னு கேட்டிருந்தா சைபர்தான் போட்டிருப்பேன்." இப்போது அவர் தண்டல். வலை விடப் பழகிய பையன்கள் இன்றைக்கும் யாரோ காட்டும் இடத்தில்தான் வலை விடுகிறார்கள்.

ஆகவே பருவத்தின் கடைசி நாளில், தேர்வுப் பயத்தோடு, கைபேசியில் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வது கேட்கிற விதமல்ல. மூன்று வருடம் கழித்துக் கேட்க வேண்டும். பட்டம் வாங்கிப் போனவர்களுக்கு ஒரு கடிதம், ஒரே ஒரு கேள்வி: யாரிடம் படித்தது இன்னும் உன்னோடு இருக்கிறது? நம் கல்லூரிகளில் முன்னாள் மாணவர் சங்கம் என்று ஒன்று உண்டு. கட்டட நிதிக்கு மட்டும்தான் அவர்கள் ஞாபகம் வருகிறது.

படிவத்தில் வேறொரு கசடும் உண்டு. வட கரோலைனாவில் இணையவழி வகுப்பு ஒன்றில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பெயரை மாற்றி வைத்துக்கொண்டு பாடம் நடத்திப் பார்த்தார்கள். 43 மாணவர்கள்தான், சின்னச் சோதனை. யார் நடத்தினாலும் ஆண் பெயருக்கு மதிப்பெண் கூடுதலாக விழுந்தது. நம் ஊரில் பெயரைக் கேட்டுவிட்டு அதற்குப் பின்னால் இன்னொன்றையும் துருவுவார்கள். அதற்கு யாரும் இன்னும் சோதனை வைக்கவில்லை, வைத்தால் என்ன வரும் என்று நமக்கே தெரியும்.

நல்ல வாத்தியாரைக் கண்டுபிடிக்க நம் முன்னோர் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இலக்கணத்தைத் தொடங்கும் முன்பே ஆசிரியருக்கு இலக்கணம் எழுதிவிட்டார். நல்லாசிரியர் நிலம், மலை, துலாக்கோல், மலர் போன்றவர். அது இருக்கட்டும், எனக்குப் பிடித்தது அவர் மோசமான ஆசிரியருக்குச் சொன்ன நான்கு உவமை. கழற்சிக்காய் போட்டு வைத்த குடம்: கவிழ்த்தால் உள்ளே போட்ட வரிசையில் வராது, தாறுமாறாகக் கொட்டும். மட்டையோடு நிற்கும் பனை: யாரும் ஏறிப் பறிக்க முடியாது, அதுவாக விழுந்தால் உண்டு. பஞ்சு திணித்த குடுவை: திணிப்பதும் பாடு, எடுப்பதும் பாடு. வளைந்த தென்னை: தண்ணீர் ஊற்றுவது ஒரு வீடு, காய் விழுவது அடுத்த வீட்டில்.

"இந்த வளைஞ்ச தென்னை எங்க பக்கமும் உண்டு" என்று தண்டல் சிரித்தார். கல்லூரியிலும் உண்டு. சம்பளம் ஓரிடத்தில், முழு மூச்சாகப் பாடம் மாலை டியூஷன் சென்டரில்.

பவணந்தியார் சொன்ன குறைகளில் எதையாவது ஒரு படிவம் கண்டுபிடிக்குமா? கழற்குடமா இல்லையா என்பது வகுப்பில் உட்கார்ந்தால்தான் தெரியும். உட்கார வேண்டும் என்கிறேன். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். நல்ல பாடத்தை அடையாளம் காண, பாடம் தெரிந்த ஒருவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார வேண்டும். ஒரு நாளல்ல, பல நாள்.

எனக்கு அது ஒருமுறை நடந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். எங்கள் துறையில் ஓய்வு பெறும் வயதில் ஒருவர் இருந்தார். ஒரு திங்கட்கிழமை, "உன் வகுப்புல வந்து உக்காரட்டுமா?" என்று கேட்டார். உள்ளுக்குள் உதறல். அந்த வாரம் முழுக்க வந்தார், ஒன்றும் பேசவில்லை, சின்ன டைரியில் ஏதோ குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கேன்டீனில் வைத்து டைரியைப் பிரித்தார். ஐந்து நாளில் நான் பிள்ளைகளிடம் 61 கேள்வி கேட்டிருக்கிறேனாம். அதில் 54க்கு நானே பதில் சொல்லிவிட்டேனாம், அதுவும் பலகையைப் பார்த்துக்கொண்டு. "கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள ஒண்ணுலேருந்து ஏழு வரைக்கும் எண்ணு. அதுக்குள்ள வாயைத் திறந்தா நீ தோத்தே." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரம் எண்ணினேன். ஏழு என்பது வகுப்பறையில் ஒரு யுகம். நான்கு எண்ணுவதற்குள் யாரோ ஒரு பையன் அமைதி தாங்காமல் வாயைத் திறப்பான். தப்பாகத்தான் சொல்வான். அந்தத் தப்பிலிருந்துதான் அன்றைய பாடம் தொடங்கும். ரொம்ப காலத்துக்குப் பிறகு மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பெண்மணி இதையே ஆராய்ந்திருப்பதைப் படித்தேன்: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்றாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, பேசாதவர்கள் பேசுகிறார்கள் என்று எழுபதுகளில் எழுதியிருந்தார். எங்கள் பெரியவர் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண்டுகொண்டது.

இன்னொரு முறையும் என் வகுப்புக்குள் கல்லூரி வந்தது. தர மதிப்பீட்டுக் குழு வரும் வருடம். கோப்பில் சேர்க்க நான் பாடம் நடத்தும் படம் வேண்டுமாம், இடமும் நேரமும் பதிந்த ஜியோடேக் போட்டோ. ஸ்மார்ட் போர்டு பக்கத்தில் என்னை நிற்கவைத்து, கையை நீட்டச் சொல்லி எடுத்தார்கள். போர்டுக்கு அன்றைக்குக் கரன்ட் இல்லை. படம் நன்றாக வந்திருந்தது.

இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. பிரிட்டனில் 2000இலிருந்து சிறந்த பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு தேசிய அளவில் ஒரு கௌரவம் தருகிறார்கள், அது பரவாயில்லை. 2017இல் பல்கலைக்கழகங்களுக்கே கற்பித்தல் தரத்துக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று கொடுத்தார்கள். லண்டன் பொருளியல் பள்ளிக்கு வெண்கலம். மாணவர் திருப்திக் கணக்கு, இடையில் நின்றவர் கணக்கு, வேலை கிடைத்தவர் கணக்கு எல்லாம் பார்த்தார்கள். ஒரு வகுப்பறைக் கதவைக்கூடத் திறக்கவில்லை. நம் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையிலும் பல்கலைக்கழகங்களின் கற்பித்தலுக்கு நூற்றுக்கு 30 உண்டு என்பார்கள். உள்ளே பார்த்தால் எத்தனை மாணவருக்கு எத்தனை ஆசிரியர், அவர்களில் எத்தனை பேர் பிஎச்.டி., எவ்வளவு செலவு என்ற கணக்கு. 2025 ஜனவரியில் வந்த யு.ஜி.சி. வரைவு விதிகளில் ஒன்பது வகைப் பங்களிப்பில் நான்கு இருக்க வேண்டும் என்றார்கள். அந்த ஒன்பதில் புதுமையான கற்பித்தல் ஒன்று, இந்திய மொழிகளில் கற்பித்தல் ஒன்று. அதே வரைவு கிளப்பிய துணைவேந்தர் நியமனச் சண்டையில் அந்த வரிகளைப் படித்தவர்களே குறைவு. நல்ல வரிகள்தான். அதை யார் வந்து பார்த்துச் சொல்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

"சரி சார், உக்காந்து பாத்து நல்ல வாத்தியார்னு தெரிஞ்சுபோச்சு. என்ன குடுக்கணும்? துண்டா?"

துண்டு வேண்டாம். படகில் நல்ல தண்டலுக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை, பங்கு கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஆசிரியருக்கும் அப்படித்தான். பத்துக் கட்டுரை எழுதிப் பேராசிரியர் ஆகும் வழி இருப்பது போல, பாடம் நடத்தியே பேராசிரியர் ஆகும் வழி ஒன்று வேண்டும். அதுவரைக்கும் குறைந்தபட்சம் நேரமாவது கொடுக்கலாம். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது விதி. நன்றாக நடத்துபவருக்கு அதில் நாலு மணி நேரத்தைக் குறைத்து, புதிதாகச் சேர்ந்தவர்களின் வகுப்பில் போய் உட்காரச் சொல்லுங்கள். நடப்பதோ நேர்மாறு. நன்றாக நடத்துபவர் என்று பெயர் எடுத்தால் கூடுதல் வகுப்பு அவர் தலையில். போதாக்குறைக்கு நாக் கோப்பும் அவர் தலையில்.

பிறகு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "தம்பி, அந்த மேடம் பெர்மனென்டா?"

"இல்ல சார். செல்ஃப் ஃபைனான்ஸ்னு சொன்னா."

அப்படியென்றால் இதுவரை நான் பேசியதில் எதுவும் அந்த அம்மாவைத் தொடாது. ஏ.பி.ஐ. இல்லை, பதவி உயர்வு இல்லை, ஏணியே இல்லை. சுயநிதிப் பிரிவில் சம்பளம் என்பது நிர்வாகம் பார்த்துக் கொடுப்பது. அரசுக் கல்லூரியில் இதே இடத்தில் நிற்பவருக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். அண்மை ஆண்டுகளில் மாதம் 25,000 ரூபாய், அதுவும் 11 மாதத்துக்கு. மே மாதத்தில் கௌரவம் மட்டும் மிஞ்சும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இன்றைக்குப் பெரும்பகுதிப் பாடத்தைத் தோளில் சுமப்பவர்கள் இவர்கள்தான். சிறந்த கற்பித்தலுக்கு வெகுமதி என்று யார் பேச்செடுத்தாலும், இவர்களை விட்டுவிட்டுப் பேசினால் எனக்கு அதில் நம்பிக்கை வருவதில்லை.

தண்டல் ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸின் அடியில் நின்ற சர்க்கரையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். நானும் பேச்சை மாற்றினேன்.

"உங்க மக பட்டம் வாங்கும்போது சர்டிபிகேட்ல எந்த யுனிவர்சிட்டி பேரு இருக்கும்?"

"மனோன்மணியம் சுந்தரனார்."

1990இல் தொடங்கிய பல்கலைக்கழகம். பெயரிலுள்ள சுந்தரம் பிள்ளையும் கல்லூரி வாத்தியார்தான். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தார். அதே கல்லூரியில் அவருக்குத் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர் ராபர்ட் ஹார்வி. 1891இல் மனோன்மணியம் நாடகத்தை அச்சிட்டபோது சுந்தரம் பிள்ளை அதை ஹார்விக்குத்தான் காணிக்கையாக்கினார். அதோடு நிற்கவில்லை. திருவிதாங்கூர் மன்னர் கொடுத்த நிலத்தில், பேரூர்க்கடையில் வீடு கட்டியபோது அதற்கும் ஹார்வீபுரம் என்று பெயர் வைத்தார். நாடகத்தின் பெயர் பல்கலைக்கழகத்தின் பெயராயிற்று. அதன் வாழ்த்துப் பாடல் நம் பள்ளிக்கூடமெல்லாம் ஒலிக்கிறது. ஹார்வி என்ன ஆராய்ச்சி செய்தார், எத்தனை கட்டுரை எழுதினார் என்று யாரும் தேடுவதில்லை. தமிழில் அவர் பெயர் நிற்பது ஒரு மாணவன் எழுதி வைத்ததால்.

"பேரு எழுதி வச்சாரா?" என்றார் தண்டல்.

"முதல் பக்கத்துல."

கொஞ்ச நேரம் கழித்து லுங்கி மடிப்பிலிருந்து போனை எடுத்தார். மகள் இன்னும் பஸ்ஸில்தான் இருந்தாள். ஹாரன் சத்தம் எனக்கே கேட்டது.

"ஏளா, அந்த கெமிஸ்ட்ரி மேடம் பேரு என்ன? ... சும்மாதான் கேக்கேன். ... அது போதாது, இனிஷியலோட சொல்லு."